பாதுஷா நிற்க மாட்டேன் என்கிறான்: 40 கி.மீ. எண்டியூரன்ஸில் வெட் கேட்டிலேயே வெளியே. யோசனை சொல்லுங்கள்

செம்மண்_தடம் | ஞாயிறு, இரவு 9.40

இன்று காலை பெங்களூர்ப் பக்கம் தேவனஹள்ளியைத் தாண்டி நடந்த 40 கி.மீ. எண்டியூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரையோட்டம்) போட்டியில் நானும் பாதுஷாவும் பாதியிலேயே திரும்பிவிட்டோம். கை எரிகிறது, மனசும் சரியில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதுஷா ஒன்பது வயது தரோபிரெட் குதிரை. ஐந்து வயது வரை பந்தயத்தில் ஓடியவன், காயடிக்கப்பட்டவன். லாயத்தில் சின்னப் பிள்ளை வந்து காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா நிற்பான். நாலு குதிரைகளோடு வெளியே கூட்டிப் போனால்தான் சண்டிக் குதிரையாக மாறிவிடுகிறான்.

போட்டி இருபது இருபதாக இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து வெட் கேட்டுக்குள் (கால்நடை டாக்டர் சோதிக்கும் இடம்) வந்த 20 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும், நொண்டக் கூடாது. காலை 6.15-க்கு எல்லாரையும் ஒன்றாக விட்டார்கள். முன்னால் போன சாம்பல் நிற அரபுக் குதிரையின் வாலைப் பார்த்தான், அவ்வளவுதான். தைலமரத் தோப்பு, கேழ்வரகு அறுத்த வயல், ஏரிக்கரை எல்லாம் எப்படித் தாண்டினோம் என்றே தெரியவில்லை. ட்ராட் (துள்ளு நடை) என்று நான் நினைத்தது பாதி கேண்டர் (மெதுவான பாய்ச்சல்). மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில், கையுறை போட்டிருந்தும், கடிவாள வார் உரசி தோல் உரிந்துவிட்டது. எட்டாவது கிலோமீட்டரிலேயே கழுத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கியது.

1 மணி 16 நிமிடத்தில் இரண்டாவதாக உள்ளே வந்தோம். பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றி, சேணம் இறக்கி, 12-வது நிமிடம் காட்டினேன்: 72. இரண்டாவது வாய்ப்பு 19-வது நிமிடம்: 69. முடிந்தது. எங்களுக்குப் பின்னால் 12 நிமிடம் கழித்து வந்த பெண் நாலாவது நிமிடத்திலேயே காட்டி, ஓய்வு முடிந்ததும் கிளம்பிப் போனார்.

இப்போது போடுவது சாதாரண ஸ்னாஃபிள் பிட் (வாய்க்குள் போகும் கடிவாள இரும்பு). பெல்ஹாம் (தாடையையும் இறுக்கும் கடுமையான பிட்) வாங்கலாமா? அல்லது எனக்கே இந்தக் குதிரை சரிப்படாதா? யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

இரும்புக்கை | ஞாயிறு, இரவு 10.05

வாங்கலாமாவா? போன மாதமே வாங்கியிருக்க வேண்டும். நானூற்றைம்பது கிலோ மிருகத்தை ஸ்னாஃபிளில் பிடிப்பது தாம்புக் கயிற்றில் லாரியைக் கட்டுவது மாதிரி. பெல்ஹாம், தாடைச் சங்கிலியோடு. இரண்டு தடவை உறைத்தால் மூன்றாவது தடவை தானே கேட்கும். என் குதிரையும் இப்படித்தான் இருந்தது, இப்போது விரலால் நிறுத்துகிறேன்.

கொள்ளுப்பை | ஞாயிறு, இரவு 10.31

தம்பி, குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். உங்களை அது தள்ளவில்லை, அந்த மட்டுக்கு லாபம்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இதைச் சண்டி என்று எழுதாதீர்கள். சண்டிக் குதிரை என்றால் அடித்தாலும் நகராமல் நட்ட நடு ரோட்டில் நிற்பது. என் தாத்தா சிவாஜிநகரில் ஜட்கா ஓட்டியவர். சண்டிக்கு அவர் வைத்தியமே வேறு: இறங்கி வண்டிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பீடி பிடிப்பார். அதற்கே போரடித்துக் கிளம்பிவிடும். உங்களுடையது அதற்கு நேர் எதிர். அதை அவர் 'வாய் செத்த குதிரை' என்பார். யார் யாரோ இழுத்து இழுத்து வாயில் உணர்ச்சியே போயிருக்கும். செத்த வாயில் இன்னும் பெரிய இரும்பைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

அந்தக் காலத்தில் முள் கடிவாளமும் போட்டார்கள். தாத்தா போட்டதில்லை என்று பாட்டி சொல்வாள். நம்புகிறேன்.

கால்நடை_அக்கா | ஞாயிறு, இரவு 11.12

கொள்ளுப்பை ஐயா சொன்ன முள் கடிவாளத்தை 1965-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்துவிட்டார்கள். இன்னும் கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயில் பார்க்கிறேன், அது வேறு வயிற்றெரிச்சல்.

தம்பி, பிட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்வி.

ஒன்று: 72, 69 என்பது நடுவில் ஏறி இறங்கியதா, அல்லது அப்படியே நின்றதா? வேறு குதிரை கிளம்பும்போது கனைத்தானா? துடிப்பு 66-ல் இருந்து சட்டென்று 90-க்குப் போய் மறுபடி 66-க்கு வந்தால் அது பெரும்பாலும் பதற்றம். 70-லேயே அசையாமல் நின்றால் உடம்பில் சூடு இறங்கவில்லை, நீர் வற்றியிருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ வலி. இரண்டுக்கும் வெளியேற்றம் ஒன்றுதான், வைத்தியம் வேறு.

இரண்டு: மருத்துவ அட்டையில் குடல் சத்தத்துக்கு என்ன போட்டிருந்தார்கள்? ஈறை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப எத்தனை நொடி?

மூன்று: பல்லைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்?

செம்மண்_தடம் | திங்கள், காலை 7.20

அக்கா, அட்டையை எடுத்துப் பார்த்தேன். குடல் சத்தம் இரண்டாம் தரம், ஈறு இரண்டு நொடி. நொண்டல் இல்லை. ஏறி இறங்கியதா என்றால், ஆமாம். ஸ்டெதாஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து நானே எண்ணிக்கொண்டிருந்தேன். 15 நொடியில் 17 வந்தது, அதாவது 68. சரி, இறங்குகிறது என்று நினைக்கும்போது அந்தச் சாம்பல் குதிரையைச் சைஸ் (லாயக்காரர்) கூட்டிக்கொண்டு போனார். பாதுஷா தலையைத் தூக்கி ஒரு கத்து கத்தினான் பாருங்கள், என் காதிலேயே டம் டம் என்று கேட்டது. எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பல் யாரும் பார்த்ததில்லை. நான் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கால்நடை_அக்கா | திங்கள், காலை 8.02

வெட்கப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இந்த வாரம் ஆள் கூப்பிடுங்கள். குதிரைக்குப் பல் வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே வரும். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி நிற்கும். வார் இறுகும்போது கன்னத்தை அந்தக் கத்தி மேல் நீங்களே அழுத்துகிறீர்கள். வலிக்கிறது, வலியிலிருந்து ஓடுகிறான், ஓடுவதால் இன்னும் இழுக்கிறீர்கள். அரம் போட்டு ராவ ஒரு மணி நேரம் ஆகாது.

குடல் சத்தம் இரண்டாம் தரம் என்பதில் தவறில்லை, ஆனால் முழுச் சுகமும் இல்லை. முதல் சுற்றில் தண்ணீர் குடித்தானா?

செம்மண்_தடம் | திங்கள், காலை 8.10

ஏரிக்கரையில் எல்லாக் குதிரைகளும் நின்று குடித்தன. நாங்கள் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

கிண்டி_பையன் | திங்கள், மதியம் 1.45

நான் பதினெட்டு வருடம் ஒர்க் ரைடர், பந்தயக் குதிரைகளைக் காலைப் பயிற்சியில் ஓட்டுகிறவன். கிண்டியில் ஆறு, பெங்களூரில் பன்னிரண்டு. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நாளைக்கு ஐந்து குதிரை ஓட்டிய கை. இதில் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பந்தயக் குதிரைக்கு வார் இறுகினால் நிற்க வேண்டும் என்று நாங்கள் சொல்லித் தருவதே கிடையாது. தலைகீழ். இரண்டு வாரையும் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துப் பிடரியின் மேல் பாலம் மாதிரி ஊன்றிக்கொள்வோம். குதிரை அந்தப் பாலத்தில் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடும். நாம் எவ்வளவு பிடிக்கிறோமோ அவ்வளவு சாயும். அதற்கு அது சுகம், ஊன்றுகோல் மாதிரி. இரண்டு வயதிலிருந்து தினமும் காலையில் இதுதான் பாடம். நீங்கள் 20 கிலோமீட்டர் முழுக்க இழுத்துப் பிடித்தீர்கள் என்றால், பாதுஷாவைப் பொறுத்தவரை 'ஓடுடா ராஜா' என்று 20 கிலோமீட்டர் சொன்னீர்கள். அவன் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறான்.

அப்படியென்றால் எப்படி நிறுத்துவோம்? வின்னிங் போஸ்ட் தாண்டியதும் ஜாக்கிகள் என்ன செய்கிறார்கள் என்று டிவியில் பாருங்கள். அங்கவடியில் மெதுவாக நிமிர்ந்து நிற்பார்கள், கை இரண்டையும் பிடரிமேல் இறக்கிவிடுவார்கள். பிடி தளரும். வேலை முடிந்தது என்று குதிரைக்குத் தெரியும், தானாக நடைக்கு வரும். இது அவன் மண்டையில் இன்னும் இருக்கும். ஒரு தடவை செய்து பாருங்கள். முதலில் பயமாக இருக்கும், ஓடுகிற குதிரையில் வாரை விடுவது என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். அதனால் முதலில் வேலி போட்ட இடத்தில்.

இரும்புக்கை | திங்கள், மதியம் 2.20

கேட்க நன்றாக இருக்கிறது. எதிரில் டிப்பர் லாரி வந்தால் பிடரிமேல் கையை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பீர்களா?

கிண்டி_பையன் | திங்கள், மதியம் 2.41

லாரி வந்தால் ஒற்றை வாரில் வட்டம் போடுவேன், இடம் இருந்தால். இடம் இல்லையென்றால் சாமி கும்பிடுவேன். ஆனால் உங்கள் பெல்ஹாமும் அந்த இடத்தில் லாரியை நிறுத்தாது அண்ணே.

ஹெசரகட்டா_காற்று | திங்கள், இரவு 8.15

நாலாவது நிமிடத்தில் காட்டிவிட்டுப் போன பெண் நான்தான் என்று நினைக்கிறேன், நீங்கள் பார்த்தது செம்பட்டை மார்வாடிக் குதிரை என்றால். உங்களைத் தைலமரத் தோப்பில் பார்த்தேன். சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் முழங்கை இரண்டும் இறுகி, மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

என் ராணியும் சாது இல்லை. காது இரண்டும் உள்ளே வளைந்து நுனி முட்டிக்கொண்டிருக்கும், பார்க்க அழகு, குணம் மிளகாய். முதல் போட்டியில் என்னைக் கற்றாழைப் புதரில் இறக்கிவிட்டுத் தனியாக வெட் கேட்டுக்குப் போய்விட்டாள். துடிப்பு 60. என்னைத்தான் காணவில்லை.

எனக்கு உதவியது இரண்டு.

கூட்டத்தோடு கிளம்பாதீர்கள். எல்லாரும் கண்ணுக்கு மறையும் வரை இறங்கி நின்று, கையில் பிடித்து நடத்திக்கொண்டிருங்கள். ஐந்து, ஏழு நிமிடம் கழித்துக் கிளம்பலாம். கடிகாரம் நமக்காக நிற்காது, போகட்டும். வெட் கேட்டில் நேரம் ஓடுவது நீங்கள் உள்ளே நுழையும்போது நிற்பதில்லை, துடிப்பு இறங்கிக் காட்டும்போதுதான் நிற்கிறது. நீங்கள் 12 நிமிடம் முன்னால் வந்து 19 நிமிடம் துடிப்புக்குக் காத்திருந்தீர்கள். நான் கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி, வயிற்று வாரைத் தளர்த்தி, கூடவே நடந்து வந்தேன். யார் முன்னால்?

அடுத்தது பயிற்சி. ஹெசரகட்டா புல்வெளிப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து போவோம். ஒரு குதிரை நிற்க, மற்ற இரண்டும் ட்ராட்டில் ஐம்பது மீட்டர் போய் நின்று காத்திருக்கும். நிற்கும் குதிரை அமைதியாக ஒரு மூச்சு விட்டால் அது போய்ச் சேரும். பிறகு அடுத்தது நிற்கும். ஐம்பது மீட்டர் நூறாகும், அப்புறம் திருப்பத்தில் மறையும். சலிப்பான வேலை. பத்து வாரம் செய்தேன். பாதுஷாவுக்கு வாயில் மட்டுமல்ல, தனியாக விட்டுவிடுவார்களோ என்ற பயம் மனதில் இருக்கிறது. அதை எந்த இரும்பும் பிடிக்காது.

இன்னொன்று, இரும்புக்கை சார், என் பையிலும் ஒரு கிம்பிள்விக் (பெல்ஹாம் மாதிரி சங்கிலி வைத்த பிட்) இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு போட்டியில் எடுக்கவில்லை. நீள தூரத்தில் பாதிப் பேர் பிட்டே இல்லாத ஹாக்கமோர்தான் போடுகிறார்கள், போகிற போக்கில் புல் கடிக்கவும் தண்ணீர் குடிக்கவும் வாய் சும்மா இருக்கட்டும் என்று.

சும்மா_பார்க்கிறேன் | திங்கள், இரவு 9.03

ஒரு வார்த்தை. அந்தக் குதிரை 40 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கேட்டதா? வலிக்கிற வாய், பயந்த மனசு, நுரை. இதற்குப் பெயர் விளையாட்டா?

கொள்ளுப்பை | திங்கள், இரவு 9.20

ஆரம்பித்துவிட்டார்கள்.

கால்நடை_அக்கா | திங்கள், இரவு 10.10

ஐயா, அந்தக் கேள்வியை அப்படித் தள்ளாதீர்கள். நியாயமான கேள்வி. இந்த விளையாட்டில் கெட்ட பக்கம் இருக்கிறது. 2015-ல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டமைப்பையே குதிரை நலக் காரணத்துக்காக இடைநீக்கம் செய்தது. 2018-ல் அமெரிக்காவில் டிரையனில் உலகப் போட்டி, 160 கி.மீ., வெயிலும் புழுக்கமும் தாங்காமல் பாதியில் ரத்து செய்தார்கள். உலக சாம்பியன்ஷிப் அளவில் நடந்தது அது.

அதனால்தான் வெட் கேட் இருக்கிறது. தம்பியை வெளியே அனுப்பியது தண்டனை இல்லை, பாதுஷாவுக்காக ஒருவர் பேசினார், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1955-லிருந்து நடக்கும் டெவிஸ் கோப்பையில் நூறு மைல். கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடிப்பார்கள். அங்கே முடித்தவர் எல்லாருக்கும் பெல்ட் பக்கிள் தருகிறார்கள்.

வேர்வை பற்றி ஒன்று, தம்பிக்கு. மனித வேர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரையின் வேர்வையில் உப்பு ரத்தத்தைவிடக் கூட. நமக்கு வேர்த்தால் ரத்தம் கெட்டியாகி உப்பு ஏறித் தாகம் எடுக்கும். குதிரைக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் தாகம் எடுக்காமலே வற்றிப்போகும். அதனால்தான் ஏரிக்கரையில் நிற்பது முக்கியம். எலக்ட்ரோலைட் கொடுப்பதும் அது குடித்த பிறகுதான். குடிக்காத குதிரை வாயில் உப்புக் கரைசலைப் பீச்சினால் இருக்கிற நீரையும் குடல் இழுத்துக்கொள்ளும். நுரை என்று எழுதினீர்களே, அது வேர்வையில் உள்ள லாதெரின் என்ற புரதம், சோப்பு வேலை செய்கிறது. நுரை வருவதே தப்பு இல்லை. எட்டாவது கிலோமீட்டரில், ஜனவரிக் காலைக் குளிரில், அவ்வளவு நுரை என்பதுதான் கணக்கு இடிக்கிறது.

இன்னும் ஒன்று. தரோபிரெட்டுக்குத் தசை கனம். சூடு உள்ளேயே நிற்கும். அரபுக்கு ஒல்லி உடம்பு, சீக்கிரம் ஆறும். சாம்பல் குதிரையோடு போட்டி போட்டால் நீங்கள் ஓடும்போது சமமாக இருந்தாலும் நிற்கும்போது தோற்பீர்கள். தண்ணீர் ஊற்றும்போது கழுத்து நரம்பிலும் பின்தொடையின் உள்பக்கமும் ஊற்றி, உடனே வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்று லாயத்தில் இன்னும் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் நடந்த ஆய்வுகளிலேயே அது பொய்யாகிவிட்டது.

செம்மண்_தடம் | வியாழன், இரவு 9.15

பல் டாக்டர் இன்று வந்தார். வாயில் விரிப்பான் மாட்டி, நெற்றி விளக்கில் என்னையும் பார்க்கச் சொன்னார். இடது கன்னத்தின் உள்ளே ஐம்பது பைசா அளவுக்கு ஒரு புண். அதன் மேல் வெள்ளையாகப் பழைய தழும்பு. என் விரலை மேல் பல் ஓரத்தில் வைக்கச் சொன்னார். வெட்டிவிடும் போல் இருந்தது. ஒன்றரை வருடமாக இவன் ஏன் எப்போதும் வலது பக்கமே தலையைச் சாய்த்துக்கொண்டு போகிறான் என்று யோசித்ததுண்டு. இப்போது தெரிந்துவிட்டது.

ராவி முடித்ததும் இரண்டு வாரம் வாயில் எதுவும் வேண்டாம் என்றிருக்கிறார். கயிற்று முகவாரில் நடை மட்டும்.

சும்மா_பார்க்கிறேன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொள்ளுப்பை | வியாழன், இரவு 9.50

தீனி என்ன போடுகிறீர்கள் தம்பி? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. அதற்கு அர்த்தம் தெரியாமல் லாயங்களில் கொள்ளும் ஓட்ஸும் குவித்துவிட்டு, அப்புறம் குதிரை துள்ளுகிறது என்பார்கள்.

செம்மண்_தடம் | வியாழன், இரவு 10.00

காலை இரண்டு கிலோ ஓட்ஸ், மாலை இரண்டு, கொள்ளு ஒரு கிலோ, கோதுமைத் தவிடு. காய்ந்த புல் ஓரளவு.

கால்நடை_அக்கா | வியாழன், இரவு 10.34

பந்தயத் தீனி, பென்ஷன் வேலை. ஓட்ஸைப் பாதியாக்குங்கள். புல்லைக் கூட்டுங்கள், சக்தி வேண்டுமென்றால் கொஞ்சம் எண்ணெய். குதிரைக்கு இரைப்பையில் அமிலம் இருபத்துநாலு மணி நேரமும் சுரக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். வெறும் வயிற்றில் ஓட்டினால் அமிலம் மேலே தெறித்துப் புண்ணாகும். ஏறுவதற்கு அரைமணி முன்னால் ஒரு பிடி குதிரை மசால் கொடுத்தால் வயிற்றில் மெத்தை மாதிரி நிற்கும், அதிலிருக்கும் கால்சியம் அமிலத்தையும் தணிக்கும். தவிடு நிறையப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் கால்சியத்தைக் கெடுக்கும். குறைத்துவிடுங்கள்.

இரும்புக்கை | வெள்ளி, காலை 6.30

நான் சொன்னது பெல்ஹாம். நீங்கள் வைத்தியசாலையே நடத்துகிறீர்கள்.

ஹெசரகட்டா_காற்று | வெள்ளி, காலை 7.05

சார், உங்கள் வாயைக் கொஞ்சம் ராவலாமா?

செம்மண்_தடம் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.50

இழையைத் தூசு தட்டுகிறேன். இன்று இன்னொரு 40 கி.மீ. முடித்தோம். முடித்தவர்கள் பதின்மூன்று பேரில் நாங்கள் ஒன்பதாவது.

நடந்ததைச் சொல்கிறேன். ஹெசரகட்டாவில் ராணியோடும் இன்னொரு நண்பரின் குதிரையோடும் வாரம் இரண்டு நாள் நிற்கும் பாடம். முதல் நாள் ராணி இருபது மீட்டர் போனதற்கே பாதுஷா பின்காலில் எழுந்தான். ஐந்தாவது வாரம், ராணி மரத்துக்குப் பின்னால் மறைந்த பிறகும் நின்று, தலையைத் தாழ்த்தி, உதடு படபடக்க ஒரு பெருமூச்சு விட்டான். அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கியதை ஹெசரகட்டா_காற்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பிடரியில் கை வைப்பது: வேலிக்குள் நாலு நாள் வேலை செய்தது. ஐந்தாம் நாள் வெளியே வேலை செய்யவில்லை. அப்புறம் செய்தது.

இன்று மார்ச் வெயில் என்பதால் 5.45-க்கே விட்டார்கள். கூட்டம் போகட்டும் என்று ஏழு நிமிடம் கையில் பிடித்து நடந்தேன். முதல் மூன்று கிலோமீட்டர் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் வந்தான். ஏரிக்கரை வந்தது. நின்றேன். குடிக்கவில்லை. சும்மா நின்றேன். ஒரு கொக்கு பறந்தது, அதைப் பார்த்தான். பிறகு மூக்கை வைத்து ஒரு வாய், அப்புறம் மூச்சு விடாமல் இழுத்தான். ஒவ்வொரு வாய்க்கும் காது முன்னும் பின்னும் ஆடும், பம்ப் மாதிரி. நான் எண்ணினேன், முப்பத்தெட்டு.

கடைசி கிலோமீட்டர் இறங்கி நடந்தேன். ஆறாவது நிமிடம் காட்டினேன், 60.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைக்காதீர்கள். 27-வது கிலோமீட்டரில் பின்னாலிருந்து மூன்று பேர் கேண்டரில் எங்களைத் தாண்டினார்கள். என் கை தானாக இறுகிவிட்டது. பழக்கம். பாதுஷாவுக்கும் பழக்கம். அறுநூறு மீட்டர் போனோம், பெரிய தேசிங்கு ராஜா மாதிரி. கிண்டி_பையன் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்ததே பாதி வழியில்தான். நிமிர்ந்தேன், கையை இறக்கினேன், அறுத்த வயலில் பெரிதாக ஒரு வட்டம். நின்றுவிட்டான். வயல்காரர் ஓடிவந்து கன்னடத்தில் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இறங்கி மன்னிப்புக் கேட்டேன். பேசி முடித்ததும் 'குதிரைக்குத் தண்ணி வேணுமா' என்று கேட்டார்.

கடைசித் துடிப்பு 56. குடல் சத்தம் முதல் தரம்.

இரும்புக்கை | ஞாயிறு, இரவு 7.30

வாழ்த்துகள். ஆனால் பெல்ஹாம் இருந்திருந்தால் அந்த அறுநூறு மீட்டர் இருந்திருக்காது.

கிண்டி_பையன் | ஞாயிறு, இரவு 7.44

இருந்திருந்தால் ஆறு கிலோமீட்டராக இருந்திருக்கும் அண்ணே. தம்பி, கை இறுகியதை நீங்களே கண்டுபிடித்தீர்களே, அதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது.

சும்மா_பார்க்கிறேன் | ஞாயிறு, இரவு 8.20

கொக்கு, முப்பத்தெட்டு வாய் தண்ணீர். படித்தேன். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

ஹெசரகட்டா_காற்று | ஞாயிறு, இரவு 8.41

தாராளமாக. செம்மண், அடுத்து அறுபதா? மலப்புறத்து நிதா அஞ்சும் 2023-ல் பிரான்ஸில் இளையோர் உலகப் போட்டியில் 120 கி.மீ. முடித்தார், அடுத்த வருடமே பெரியவர்கள் போட்டியில் 160. நமக்கு அறுபது போதும்.

கால்நடை_அக்கா | ஞாயிறு, இரவு 9.02

அறுபதுக்கு முன்னால் மூன்று வாரம் ஓய்வு. நாளைக்கும் நாளன்றைக்கும் சேணமே போடக் கூடாது. காலில் சூடு இருக்கிறதா என்று காலையும் மாலையும் தடவிப் பாருங்கள், குறிப்பாக முன்னங்கால் பின்பக்கத் தசைநாண்.

செம்மண்_தடம் | ஞாயிறு, இரவு 9.15

சரி அக்கா. சும்மா_பார்க்கிறேன், மூன்று வாரம் கழித்து சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹெசரகட்டா வந்துவிடுங்கள். நிற்கும் பாடம்தான், ஓட்டம் கிடையாது. ஷூ போட்டு வாருங்கள், நெருஞ்சி முள் இருக்கிறது.

கொள்ளுப்பை | ஞாயிறு, இரவு 9.32

நானும் வருகிறேன். பையன் பைக்கில் இறக்கிவிடுவான். ஒரு டிபன் பாக்ஸ் கொள்ளு வேக வைத்துக் கொண்டு வரட்டுமா? டாக்டரம்மா திட்டினால் நாமே சுண்டலாகத் தின்றுவிடலாம்.